வெப் தொலைநோக்கி எடுத்த படத்துக்கு நாமே கலர் போடுவது எப்படி

முதலில் வீட்டில் இருக்கிற டிவி ரிமோட்டை எடுங்கள். செல்போனில் செல்ஃபி கேமராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கை அதற்கு நேரே பிடித்து ஏதாவது ஒரு பட்டனை அழுத்துங்கள். திரையில் ஊதா கலந்த வெள்ளையாக ஒரு புள்ளி மினுக்கும். பின்பக்கக் கேமராவில் பெரும்பாலும் தெரியாது. அகச்சிவப்பு என்கிற, கண்ணுக்குத் தெரியாத ஒளியைத் தடுக்கிற கண்ணாடி அதில் கொஞ்சம் கெட்டியாக இருக்கும். வெறுங்கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது.

பெரும்பாலான ரிமோட்டுகளில் அந்த ஒளியின் அலைநீளம் 0.94 மைக்ரான். (ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு மைக்ரான்.) அகச்சிவப்பில் வானத்தைப் படமெடுக்கிற ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியில் எஃப்090டபிள்யூ என்று ஒரு ஃபில்டர் இருக்கிறது. 0.8 முதல் 1.0 மைக்ரான் வரை உள்ள ஒளியை அது விடும். உங்கள் ரிமோட் வெளிச்சம் அதற்குள் தாராளமாக நுழைந்து போகும். இந்தக் கட்டுரையில் நாம் நீலம் கொடுக்கப் போவது அந்த ஃபில்டரில் எடுத்த படத்துக்குத்தான். இப்போது ஒரு பிடி கிடைத்துவிட்டது, மேலே போகலாம்.

நான் வானியல் படித்தவன் இல்லை. கோவில்பட்டியில் ஒரு ஸ்டுடியோவில் 17 வருடமாகக் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். மாப்பிள்ளைக்கு ஷேவிங் வெட்டுக்காயத்தை மறைப்பது, பொண்ணுக்கு நிறம் ஏற்றுவது, வராத சித்தப்பாவைக் குரூப் போட்டோவில் ஒட்டுவது, இதெல்லாம் என் தொழில். அதனால் படத்தில் எது பொய், எது பொய் இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பட்டறிவு உண்டு. 2022 ஜூலை 12 அன்று வெப்பின் முதல் படங்கள் வெளியானபோது, கச்சா ஃபைல்களையும் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்று தெரிந்தது. அன்று ஆரம்பித்தது. ஆடி பிறக்கிற நேரம் வேறு, ஆல்பம் வேலை குறைவு.

தேவையான சாமான்கள்

8 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டர் போதும், 16 இருந்தால் நிம்மதி. ஹார்ட் டிஸ்கில் 20 ஜிபி காலி இடம் வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் இரண்டு. ஒன்று, ஃபிட்ஸ் லிபரேட்டர். இலவசம். வானியல்காரர்களின் ஃபிட்ஸ் ஃபைலை டிஃப் ஆக மாற்றித் தருவதுதான் அதன் ஒரே வேலை. இரண்டாவது, போட்டோஷாப். இல்லாவிட்டால் கிம்ப்; அதுவும் இலவசம்தான், நான் சொல்லப் போகிற எல்லாவற்றையும் அதிலும் செய்யலாம், மெனு பெயர்கள் மட்டும் கொஞ்சம் மாறும். சிரில், பிக்ஸ்இன்சைட் போன்ற பெரிய சாமான்களை இப்போதைக்குத் தொட வேண்டாம். முதல் படத்தைக் கையால் செய்தால்தான் என்ன நடக்கிறது என்று புரியும்.

எந்தப் படம்? கரினா நெபுலாவின் அந்தப் பிரபலமான மலை முகட்டை எடுத்துக்கொண்டு ஆரம்பிக்காதீர்கள். ஃபைல்கள் பெரியவை, கம்ப்யூட்டர் அழும். நான் சொல்வது என்ஜிசி 3132, தெற்கு வளைய நெபுலா. வேலா விண்மீன் குழுவில் சுமார் 2,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. சாகப்போகிற நட்சத்திரம் ஒன்று தன் மேல்தோலை ஊதி எறிந்ததால் உண்டான வாயு வளையம். வானத்தில் அதன் அகலம் நிலாவின் அகலத்தில் முப்பதில் ஒரு பங்குதான். சின்னது, நடுவில் அழகாக உட்கார்ந்திருக்கும், வெப்பின் இரண்டு முக்கியக் கேமராக்களான நிர்கேமும் மீரியும் அதை எடுத்திருக்கின்றன.

முதலில் தரைப் படத்தில் கை பழகுங்கள்

நேராக வெப்புக்குப் போனால் நான் பட்ட பாடு படுவீர்கள். அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் 2மாஸ் படங்களோடு பழகுங்கள். 1997 முதல் 2001 வரை அமெரிக்காவின் அரிசோனாவில் ஹாப்கின்ஸ் மலையிலும், சிலியில் செர்ரோ டொலோலோவிலும் இரண்டு 1.3 மீட்டர் தொலைநோக்கிகளை வைத்து முழு வானத்தையும் அகச்சிவப்பில் படமெடுத்த திட்டம் அது. இர்சா என்ற ஆவணக் காப்பகத்தில் எல்லாம் கிடைக்கிறது. தேடும் பெட்டியில் நெபுலாவின் எண்ணைக் கொடுங்கள். ஜே, ஹெச், கே என்று மூன்று படம் வரும். ஒவ்வொன்றும் இரண்டு எம்பி அளவுதான். மூன்றும் ஒரே அளவு, ஒரே திசை. ஜேக்கு நீலம், ஹெச்சுக்குப் பச்சை, கேக்குச் சிவப்பு என்று ஆர்ஜிபி சேனல்களில் ஒட்டினால் படம் தயார்.

தயாரான படத்தைப் பார்த்து ஏமாந்து போவீர்கள். நானும் ஏமாந்தேன். நெபுலா சுமார் 60 பிக்சல் அகலத்தில் மங்கலாக ஒரு மொட்டு மாதிரி இருக்கும். அதே நெபுலா வெப்பின் குறுகிய அலைநீளப் படத்தில் ஏறத்தாழ 1,900 பிக்சல். இது தொலைநோக்கியின் குறை என்று சொல்லிவிட முடியாது. 2மாஸ் ஒவ்வோர் இடத்தையும் மொத்தம் 7.8 விநாடிதான் பார்த்தது. முழு வானத்தையும் முடிக்க வேண்டாமா?

அந்த ஜே, ஹெச், கே என்ற எழுத்துகளுக்கு ஒரு காரணம் இருக்கிறது. நம் காற்றில் உள்ள நீராவி அகச்சிவப்பின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். நடுவில் சில ஜன்னல்கள் மட்டும் திறந்திருக்கும்: 1.25 மைக்ரான் அருகே ஜே, 1.65 அருகே ஹெச், 2.2 அருகே கே. இதற்கு மேலும் ஜன்னல்கள் உண்டு. ஆனால் அங்கே வேறொரு தொந்தரவு. நம்மைச் சுற்றி இருக்கிற எல்லாமே, காற்று, குவிமாடம், தொலைநோக்கியின் இரும்பு, அதைப் பிடித்து நிற்கிற ஆள் உட்பட, தத்தம் சூட்டுக்கு அகச்சிவப்பில் ஒளிர்கின்றன. அறை வெப்பநிலையில் இருக்கிற பொருள் அதிகமாக ஒளிர்வது 10 மைக்ரான் பக்கத்தில். கேமராவுக்குள்ளேயே ட்யூப்லைட் எரிந்துகொண்டிருக்கும்போது வெளியே போகிற மின்மினியைப் படமெடுக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? தரையிலிருந்து 10 மைக்ரானில் வானத்தைப் பார்ப்பது அப்படித்தான். அதையும் செய்கிறார்கள், துணைக் கண்ணாடியை விநாடிக்குச் சில முறை இப்படியும் அப்படியும் அசைத்து, நட்சத்திரம் உள்ள இடத்திலிருந்து வெற்று வானத்தைக் கழித்துக் கழித்து எடுக்கிறார்கள். பொறுமைசாலிகள்.

வெப்பை 2021 டிசம்பர் 25 அன்று ஏவி, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிறுத்தியதன் காரணம் இதுதான். ஐந்து அடுக்குத் திரை ஒன்று சூரியனுக்கு முதுகு காட்டி விரிந்திருக்கும். திரையின் வெயில் பக்கம் சுமார் 85 டிகிரி செல்சியஸ், நிழல் பக்கம் சுமார் மைனஸ் 233. மீரி என்கிற கேமராவுக்கு அந்தக் குளிரும் போதாது. அதற்கென்று ஹீலியம் ஓடுகிற தனி ஃபிரிட்ஜ் வைத்து, தனிச்சுழி வெப்பநிலைக்கு (மைனஸ் 273) மேலே 7 டிகிரியைக்கூட எட்டாத குளிரில் வைத்திருக்கிறார்கள்.

வெப் ஃபைல்களை இறக்குவது

மாஸ்ட் என்ற காப்பகத்துக்குப் போங்கள். பால்டிமோரில் உள்ள விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனம் நடத்துவது. கணக்குத் திறக்க வேண்டியதில்லை. தேடும் பெட்டியில் நெபுலாவின் எண்ணைக் கொடுத்தால் ஹபிளின் படங்களும் சேர்ந்து நூற்றுக்கணக்கான வரிகள் வந்து கொட்டும். இடது பக்கம் இருக்கும் வடிகட்டிகளில் மிஷன் என்பதில் ஜேடபிள்யூஎஸ்டி, திட்ட எண்ணில் 2733, கருவியில் நிர்கேம் என்று டிக் செய்யுங்கள். இப்போது ஆறு ஃபில்டர்களின் படம் மிஞ்சும்: எஃப்090டபிள்யூ, எஃப்187என், எஃப்212என், எஃப்356டபிள்யூ, எஃப்405என், எஃப்470என். கடைசி இரண்டு ஃபில்டர்களும் எஃப்444டபிள்யூவோடு ஜோடியாகப் பெயர் போட்டு வரும், குழம்ப வேண்டாம்.

பெயரைப் படிப்பது சுலபம். நடுவில் உள்ள எண்ணை நூறால் வகுத்தால் மைக்ரான். டபிள்யூ என்றால் அகலமான ஃபில்டர், என் என்றால் குறுகலானது, ஒரு குறிப்பிட்ட வாயுவின் ஒளியை மட்டும் பிடிக்க.

கூடையில் போட்டுவிட்டு அப்படியே டவுன்லோடு பட்டனை அழுத்திவிடாதீர்கள். நான் அழுத்தினேன். ஒவ்வொரு தனி எக்ஸ்போஷரும் சேர்ந்து வந்து, மறுநாள் காலையில் டிஸ்க் நிறைந்து, ஒரு வளைகாப்பு ஆல்பத்தைச் சேவ் செய்ய இடமில்லாமல் போனது. கூடைக்குள் ஃபைல் பெயர் ஐ2டி என்று முடிகிறவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பல எக்ஸ்போஷர்களைச் சேர்த்துத் தைத்து முடித்த படம் அவைதான். ஒவ்வொன்றும் சில நூறு எம்பி இருக்கும், சில அதற்கும் மேல்.

கறுப்புப் படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது

ஃபிட்ஸ் லிபரேட்டரில் ஃபைலைத் திறந்தால் உள்ளே பல அடுக்குகள் இருக்கும். எஸ்சிஐ என்பதைத் தேர்ந்தெடுங்கள். படம் கன்னங்கரேல் என்று வரும், நாலு வெள்ளைப் புள்ளிகள் தவிர. ஃபைல் கெட்டுவிட்டதோ என்று இரண்டாம் முறை இறக்கியவன் நான்.

கல்யாண மண்டபத்தில் வீடியோக்காரரின் ஃபோகஸ் லைட் மணமக்கள் மூஞ்சியில் அடிக்க, கடைசி வரிசையில் இருட்டில் உட்கார்ந்திருக்கிற பாட்டியும் படத்தில் தெரிய வேண்டும் என்று கேட்பார்களே, அதே பிரச்சினைதான் இங்கும். நட்சத்திரத்தின் வெளிச்சத்துக்கும் நெபுலாவின் வெளிச்சத்துக்கும் ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம். ஆனால் தகவல் அத்தனையும் உள்ளே பத்திரமாக இருக்கிறது. ஸ்ட்ரெச் என்பதில் ஆர்க்சைன்ஹெச் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிரகாசமானதை அமுக்கி, மங்கலானதைத் தூக்கிவிடும். கறுப்புப் புள்ளியை நகர்த்தும்போது மட்டும் கவனம்: ஹிஸ்டோகிராமின் இடது அடிவாரம் சுவரில் முட்டக் கூடாது, கொஞ்சம் தள்ளியே நிற்கட்டும். வானம் சாம்பலாகத் தெரிகிறதே என்று இப்போதே கறுப்பாக்கினால், நெபுலாவின் வெளிப்புறச் சல்லாத்துணி போன்ற பகுதி போயே போய்விடும், திரும்ப வராது. கறுப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

16 பிட் டிஃப் ஆகச் சேவ் செய்யுங்கள். ஜேபெக் ஆக வேண்டாம். என் முதல் படத்தில் நெபுலாவைச் சுற்றி மரத்தின் ஆண்டு வளையம் மாதிரி பட்டை பட்டையாக வந்தது. அதை ஏதோ அதிர்ச்சி அலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 8 பிட்டின் வேலை அது.

ஆறு ஃபைலுக்கும் இப்படியே. ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

அடுக்கிப் பொருத்துவது

ஆறு டிஃப்களையும் போட்டோஷாப்பில் ஒரே ஃபைலில் லேயர்களாகக் கொண்டுவாருங்கள். உடனே ஒன்று கண்ணில் படும்: 3.56, 4.05, 4.70 மைக்ரான் படங்கள் மூன்றும் மற்றவற்றில் பாதி அளவில் இருக்கும். நிர்கேமுக்குள் இரண்டு தனித்தனிப் பாதைகள். 2.4 மைக்ரானுக்குக் கீழே ஒரு பிக்சல் வானத்தில் 0.031 ஆர்க்செகண்டு (ஒரு டிகிரியில் 3,600ல் ஒரு பங்குதான் ஓர் ஆர்க்செகண்டு), மேலே 0.063. அதனால் பெரிய அலைநீள லேயர்களைச் சுமார் 205 சதவீதம் பெரிதாக்க வேண்டும்.

பொருத்துவதற்கு ஆல்பக்காரன் தந்திரம் ஒன்று: மேல் லேயரின் பிளெண்ட் மோடை டிஃபரன்ஸ் என்று வையுங்கள். இரண்டு லேயரும் சரியாக உட்கார்ந்துவிட்டால் நட்சத்திரங்கள் மறைந்து கறுப்பாகும். விலகி இருந்தால் ஒரு பக்கம் பிறை மாதிரி வெளிச்சம் தெரியும். ஒரு மூலையில் ஒரு நட்சத்திரம், எதிர் மூலையில் ஒரு நட்சத்திரம், இரண்டையும் பார்த்துக்கொண்டே ஃப்ரீ டிரான்ஸ்ஃபார்மில் நகர்த்துங்கள். முழுக்க மறையாது. பெரிய அலைநீளத்தில் நட்சத்திரம் கொஞ்சம் தடிமனாகத்தான் இருக்கும்.

அந்தத் தடிமனைக் கவனித்துப் பாருங்கள், ஏன் இவ்வளவு பெரிய கண்ணாடி என்பதற்கு அதில் பதில் இருக்கிறது. அலைநீளம் கூடக்கூட, அதே கண்ணாடி தருகிற படம் மழுங்கும். அலைநீளம் இரட்டித்தால், கூர்மை கெடாமல் இருக்கக் கண்ணாடியும் இரட்டிக்க வேண்டும். வெப்பின் 6.5 மீட்டர் கண்ணாடியே 4.7 மைக்ரானில் 0.18 ஆர்க்செகண்டுக்குக் குறைந்ததைப் பிரித்துக் காட்டத் திணறும். 18 மைக்ரானில் அது 0.7 ஆகிவிடும். இதற்கு முன்னால் 2003 முதல் 2020 வரை வேலை பார்த்த ஸ்பிட்ஸர் தொலைநோக்கியின் கண்ணாடி வெறும் 85 சென்டிமீட்டர். ஒரே அலைநீளத்தில் வெப்பின் படம் அதைவிட ஏழரை மடங்கு கூர்மை. அந்த 6.5 மீட்டர் ராக்கெட்டின் மூக்குக்குள் அடங்காது என்பதால்தான் 18 அறுகோணத் துண்டுகளாக மடித்து அனுப்பினார்கள். பெரிலியத்தில் செய்து, தங்கம் பூசியது. தங்கம் நீல ஒளியை அவ்வளவாகத் திருப்பாது, அகச்சிவப்பை அருமையாகத் திருப்பும்.

கலர் கொடுப்பது

இங்கேதான் அண்ணாச்சி என்னைப் பிடித்துக்கொண்டார். ஸ்டுடியோ முதலாளி. பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தவர், “ஏலே, இது நெசமாவே இந்தக் கலர்லதான் இருக்கா, இல்ல நீ போட்டதா?” என்றார்.

“நான் போட்டதுதான் அண்ணாச்சி.”

“அப்போ பொண்ணுக்கு வெள்ளையடிக்க மாதிரிதான்?”

அந்தக் காலத்தில் கோயில் கச்சேரிகளுக்கு ஆர்மோனியம் வாசித்தவர் அவர். அதனால் அவர் பாஷையிலேயே கேட்டேன்: ஒரு கட்டையில் பாடுகிற பாட்டை நாலு கட்டைக்கு ஏற்றிப் பாடினால் ராகம் மாறிவிடுமா? மாறாது என்றார். இதுவும் அதுதான். கண்ணுக்கு எட்டாத கீழ்ஸ்தாயியில் இருக்கிற ஒளியை, கண்ணுக்கு எட்டுகிற ஸ்தாயிக்கு ஏற்றுகிறோம். ஸ்வர வரிசை மாறக் கூடாது. குறைந்த அலைநீளத்துக்கு நீலம், நடுவில் பச்சை, அதிக அலைநீளத்துக்குச் சிவப்பு. வெப்பின் அதிகாரபூர்வப் படங்களைச் செய்கிற ஜோசப் டிபாஸ்குவாலே, அலிசா பேகன் ஆகியோரும் அடிப்படையில் இந்த வரிசையைத்தான் பின்பற்றுகிறார்கள். பொண்ணுக்கு வெள்ளையடிக்கும்போது நான் வரிசையையே மாற்றுகிறேன். மாநிறத்தை இல்லாமல் ஆக்குகிறேன். அண்ணாச்சி அதற்குப் பதில் சொல்லவில்லை. அந்த வேலைக்குத் தனிக் கட்டணம் வாங்குகிறோம்.

செய்முறை: ஒவ்வொரு லேயருக்கும் மேலே ஹியூ/சாச்சுரேஷன் அட்ஜஸ்ட்மென்ட் லேயரைப் போட்டு, அந்த லேயரோடு மட்டும் கிளிப் செய்யுங்கள். கலரைஸ் என்பதை டிக் செய்து, சாச்சுரேஷன் 100, லைட்னஸ் மைனஸ் 50. ஹியூ எண்கள் மட்டும் மாறும். எஃப்090டபிள்யூக்கு 240, எஃப்187எனுக்கு 190, எஃப்212எனுக்கு 120, எஃப்356டபிள்யூக்கு 60, எஃப்405எனுக்கு 30, எஃப்470எனுக்கு 0. படமுள்ள ஆறு லேயர்களின் பிளெண்ட் மோடையும் ஸ்கிரீன் என்று மாற்றுங்கள்.

கறுப்பு வெள்ளையாகக் கிடந்தது திடீரென்று எழுந்து உட்காரும். அந்த நிமிடத்துக்காகத்தான் இவ்வளவும். நடுவில் சூடான வாயு நீலமாக, வெளியே மூலக்கூறு ஹைட்ரஜன் ஆரஞ்சாக நுரை நுரையாக விரியும். 2.12 மைக்ரானும் 4.70 மைக்ரானும் அந்த ஹைட்ரஜனுக்கென்றே வைத்த ஃபில்டர்கள். ஒவ்வொரு லேயரின் கண்ணையும் மூடித் திறந்து பாருங்கள். எது எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

குறிப்பாக 1.87 மைக்ரான் லேயரைத் தனியாக வைத்து ஒரு நிமிடம் பாருங்கள். ஹைட்ரஜனின் பாஷன் ஆல்ஃபா என்கிற ஒளி அது. ஹெச் ஜன்னலுக்கும் கே ஜன்னலுக்கும் நடுவில் உள்ள சுவரில் போய் முட்டுகிறது. நீராவி அதை விழுங்கிவிடுவதால் சாதாரண மலை உச்சியிலிருந்து இதைப் பார்க்கவே முடியாது. இதற்காகவே டோக்கியோ பல்கலைக்கழகம் சிலியின் அடகாமா பாலைவனத்தில் 5,640 மீட்டர் உயரத்துக்கு ஏறிப் போனது. அங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கி ஒன்றை வைத்து 2009ல் தரையிலிருந்தே பாஷன் ஆல்ஃபாவைப் பிடித்தார்கள். பிறகு அதே உச்சியில் 6.5 மீட்டர் தொலைநோக்கிக்கும் இடம் கட்டினார்கள். உலகத்திலேயே உயரமான வானாய்வகம். மூச்சு விடவே ஆக்ஸிஜன் வேண்டிய இடம்.

எதைத் துடைக்கலாம், எதைத் தொடக் கூடாது

பிரகாசமான நட்சத்திரங்களின் நடுவில் கறுப்பு ஓட்டை இருக்கும். கருந்துளை இல்லை. (வாட்ஸ்அப் குரூப்பில் கருந்துளை என்று போட்டுவிட்டு நான் பட்ட அவமானம் போதும்.) பிக்சல் நிரம்பி வழிந்ததால், அந்த இடத்தில் மதிப்பே இல்லை என்று மென்பொருள் காலியாக விட்டிருக்கிறது. வெள்ளையால் நிரப்புங்கள், தப்பில்லை.

குறுக்காக மெல்லிய கோடுகள் ஓடினால் அது டிடெக்டரின் மின் இரைச்சல். லேசாகக் குறைக்கலாம். நட்சத்திரத்திலிருந்து கிளம்புகிற கூர்முனைகளை எண்ணிப் பாருங்கள்: பெரிதாக ஆறு, கிடைமட்டமாகச் சின்னதாக இரண்டு, ஆக எட்டு. கண்ணாடியின் அறுகோண விளிம்பாலும், துணைக் கண்ணாடியைத் தாங்குகிற மூன்று கால்களாலும் வருபவை. வெப்பின் கையெழுத்து மாதிரி. அதை விட்டுவிடுங்கள்.

இப்போது என் பெரிய தப்பு. 17 வருடப் பழக்கம், கை தானாக ஹீலிங் பிரஷ்ஷுக்குப் போகும். படத்தில் புள்ளி தெரிந்தால் மரு, கோடு தெரிந்தால் கீறல். நெபுலாவின் மேல் இடது ஓரத்தில் சாய்வாக, பளிச்சென்று ஒரு கோடு. ஒரே இழுப்பில் துடைத்துவிட்டேன். அப்புறம் அதிகாரபூர்வப் படத்தோடு ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது, அது ஒரு முழு கேலக்ஸி. பக்கவாட்டில் நமக்கு விளிம்பைக் காட்டிக்கொண்டு, நெபுலாவுக்கு வெகு தொலைவுக்கு அப்பால் நிற்கிறது. எனக்கு ஒரே ஆறுதல், வானியலாளர் கார்ல் கார்டனே அது நெபுலாவின் பாகம் என்று பந்தயம் கட்டித் தோற்றதாக வெளியீட்டு நாளன்று சொன்னார். கோடிக்கணக்கான சூரியன்களை மரு என்று துடைத்தவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அதனால் விதி: ஒரு புள்ளியைத் துடைக்கும் முன், அது மற்ற ஃபில்டர்களிலும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் இருந்தால், விண்வெளியில் பறந்து வந்து டிடெக்டரில் மோதிய காஸ்மிக் கதிரின் வேலையாக இருக்கலாம். இரண்டு மூன்றில் இருந்தால் அது வானத்தின் சொத்து, கையை எடுங்கள்.

மீரி படமும் ஒன்று

தைரியம் வந்துவிட்டதா? கருவியில் நிர்கேமுக்குப் பதில் மீரி என்று மாற்றி, அதே 2733 திட்டத்தில் நாலு ஃபைல்களை இறக்குங்கள்: 7.7, 11.3, 12.8, 18 மைக்ரான். இவை அளவில் சின்னவை, நாலும் ஒரே கேமரா என்பதால் பொருத்துவதும் சுலபம். ஹியூ 240, 150, 60, 0.

இந்தப் படத்தின் நடுவைப் பெரிதாக்கிப் பாருங்கள். நிர்கேம் படத்தில் ஒரே ஒரு நட்சத்திரம் நாட்டாமை மாதிரி நடுவில் நிற்கும். நெபுலாவை ஊதியது அதுதான் என்று தோன்றும். மீரியில் அதன் பக்கத்திலேயே செக்கச்செவேல் என்று இன்னொன்று. தன்னைச் சுற்றித் தூசியைப் போர்த்திக்கொண்டிருக்கிற அந்த மங்கல்காரன்தான் உண்மையில் செத்துக்கொண்டிருப்பவன். தூசி இருப்பது மீரிக்கு முன் யாருக்கும் தெரியாது. 2022 டிசம்பரில் ஓர்சோலா டி மார்க்கோ தலைமையிலான குழு இந்தப் படங்களை அலசி, அங்கே நாலு அல்லது ஐந்து நட்சத்திரங்கள் இருந்திருக்க வேண்டும் என்று எழுதியது. நாம் ஹியூ எண்களைப் போட்டுக்கொண்டிருந்த அதே ஃபைல்கள்தான்.

இதையெல்லாம் பார்த்துவிட்டுத் தரைத் தொலைநோக்கிகளை மட்டமாக நினைத்துவிடாதீர்கள். நம் பால்வீதியின் நடுவில் உள்ள கருந்துளையைச் சுற்றி ஓடும் நட்சத்திரங்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து 2020ல் நோபல் பரிசு வாங்கிய ஆண்ட்ரியா கெஸ் ஹவாயில் 10 மீட்டர் கெக்கையும், ரைன்ஹார்ட் கென்ஸல் சிலியில் ஐரோப்பியத் தொலைநோக்கிகளையும் பயன்படுத்தியவர்கள். பெரும்பாலும் கே ஜன்னல் வழியாகப் பார்த்தது, காற்றின் நடுக்கத்தை அப்போதைக்கப்போது திருத்துகிற கண்ணாடியோடு. இப்போது சிலியில் அர்மசோனஸ் மலையில் 798 துண்டுகள் கொண்ட 39 மீட்டர் கண்ணாடியைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கூர்மையில் அது வெப்பைத் தாண்டும். மங்கலானதைப் பிடிப்பதில் குளிர்ந்த விண்வெளிக்கு ஈடில்லை. இரண்டும் வேண்டும்.

பிரிண்ட் போடுவது

கடைசியாக லேயர்களை ஒன்றாக்கும் முன் கர்வ்ஸில் வானத்தைக் கறுப்பாக்குங்கள், முழுக் கறுப்பு வேண்டாம், 8 அல்லது 10 என்ற அளவில் நிற்கட்டும். படத்தை யாருக்கு அனுப்பினாலும் நாசா, ஈசா, சிஎஸ்ஏ, எஸ்டிஎஸ்சிஐ என்று கீழே போட மறக்காதீர்கள். கலர் நீங்கள் போட்டது என்பதையும் எழுதுங்கள்.

லேபுக்குக் கொடுக்கும்போது “கரெக்‌ஷன் வேண்டாம்” என்று வாயால் சொல்லுங்கள், ஃபைல் பெயரிலும் எழுதுங்கள். என் முதல் பிரிண்டை லேபில் ஒரு தம்பி, இருட்டடித்த கல்யாணப் படம் என்று நினைத்து நல்ல மனதோடு வெளுத்துவிட்டான். வானம் சிமெண்ட் தரை மாதிரி வந்தது. இரண்டாவது பிரிண்ட் சரியாக வந்தது. ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் சைஸ் விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம்.

போன மாதம் காதுகுத்துக்கு ஃபிளக்ஸ் அடிக்க வந்த ஒருவர் அதைக் காட்டி, குழந்தைக்குப் பின்னால் அந்தப் பூவைப் போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். பத்துக்கு எட்டு அடி. மேல் இடது ஓரத்தில் தாய்மாமன் படத்துக்கு இடம் வேண்டும், அந்தக் கோட்டை எடுத்துவிடுங்கள் என்றார். தாய்மாமனைக் கொஞ்சம் கீழே இறக்கினேன்.